தை பிறந்தால் சத்தம் இருக்காது

மாதிரி வீட்டின் கார் நிற்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்துவிட்டு, பின்கதவுச் சாவியை எடுத்து வருகிறேன் என்று போன மேனேஜர் வெள்ளிங்கிரியை இன்னும் காணோம். வராவிட்டாலும் பரவாயில்லை, பின்கதவைப் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது. நான் தீர்மானித்தாகிவிட்டது, சற்று முன்னால் அந்தக் குளியலறையிலேயே தீர்மானித்தாகிவிட்டது, இனி என் மனைவி பூரபி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவளோ கறிவேப்பிலைச் செடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கறிவேப்பிலையில் பார்க்க என்ன இருக்கிறது. கோயம்புத்தூருக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான், எந்த வீட்டைக் காட்டினாலும் வாசலில் எது முளைத்திருக்கிறதோ அதைப் பார்ப்பாள், பிறகு நன்றாக இருக்கிறது என்று இந்தியில் சொல்வாள், அவ்வளவுதான். முதல் இடத்தில் ஒலிபெருக்கியில் பஜனை, அதையும் நன்றாக இருக்கிறது என்றாள். இரண்டாவது இடத்தில் எல்லோரும் அமெரிக்காவிலிருக்கும் பேரப்பிள்ளைகளைப் பற்றியே பேசினார்கள், அதையும். மூன்றாவதாக இந்த இடம், துடியலூரைத் தாண்டி மலை தெரிகிற தூரத்தில், மாலைச்சாரல் என்று பெயர். வயதானவர்களுக்கு வீடு கட்டுகிறவர்களுக்குச் சாயங்காலத்தை விட்டால் வேறு பெயரே தோன்றாது போலிருக்கிறது. குளியலறையில் கமோடுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கயிறு தொங்குகிறது, விழுந்துவிட்டால் இழுக்க வேண்டுமாம். நான் பிலாய் இரும்பாலையில் பராமரிப்புப் பிரிவில் காலம் தள்ளியவன், எதையும் இழுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன், இழுத்தேன். நிஜமாகவே ஓடி வந்தார்கள், இரண்டு பெண்கள், கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே. "என்னாச்சுங்கய்யா, விழுந்துட்டீங்களா, எங்க வலிக்குதுங்க?" என்றார்கள். எங்கே வலிக்கிறது என்று என்னைத் தமிழில் கேட்டு எத்தனை காலமாயிற்று, கேட்டவர்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டார்கள். சும்மா இழுத்துப் பார்த்தேன்மா என்று சொல்லிவிட்டு முகத்தைக் குழாய்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். கதவருகே நின்ற பூரபி அவர்கள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன கேட்டார்கள் என்றாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள் என்றேன். ஓ என்றாள். கயிற்றைக் கையில் எடுத்தாள், இழுக்கவில்லை, அதன் முனையில் ஒரு சிக்கு இருந்தது, அதை நிதானமாகப் பிரித்துவிட்டு வெளியே வந்தாள்.

அவள் இந்தியில் சொல்வதை மனசுக்குள் தமிழாக்கும்போது அது எப்போதும் பாடப்புத்தகத் தமிழாகத்தான் வருகிறது, நான் என்ன செய்ய. அவளுக்கு நான் பேசுவதும் அவள் வங்காளத்தில் அப்படித்தான் வந்து விழும். நாங்கள் காதலித்தது இந்தியில், சண்டை போட்டது இந்தியில், ரஞ்சனியைப் பெற்று வளர்த்துப் படிக்க வைத்துக் கனடாவுக்கு அனுப்பியது இந்தியில், இருவருக்குமே சொந்தமில்லாத ஒரு மொழியில் வாடகைக்குக் குடியிருந்தே வாழ்க்கை முடிந்துவிட்டது. பிலாயில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் மலையாளி, எதிரில் ஒடியாக்காரர், எல்லோருக்கும் ஒரே கதைதான். இப்போது அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒடியாக்காரர் புவனேஸ்வர் பக்கம் ஃபிளாட் வாங்கிவிட்டார், மலையாளி பாலக்காட்டில். கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே ஊராக இருப்பவர்கள் எவ்வளவு சுலபமாகப் போய்விடுகிறார்கள், பெட்டியைக் கட்டினால் முடிந்தது. நாங்கள் பெட்டியைக் கட்டினால் எங்கே போவது. எங்கள் குவார்ட்டர்ஸையும் காலி செய்தாக வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் என்னைக் கேட்டிருந்தால் எந்த ஊராக இருந்தால் என்ன, நாலு சுவர்தானே என்றிருப்பேன். அப்படிச் சொல்லும் வாய் அன்றைக்கே போய்விட்டது. நெஞ்சைத் திறந்து தைத்து, மயக்கம் தெளிந்தபோது எனக்கு இந்தி இல்லை. சுத்தமாக இல்லை. கழுவித் துடைத்துவிட்டது போல. கால் போர்வைக்கு வெளியே கிடக்கிறது, குளிர்கிறது, காலை மூடுங்க, காலை மூடுங்க என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நர்ஸ்கள் நல்ல பெண்கள், ஏதோ குளிர்கிறது என்பது வரைக்கும் அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறை நான் சொல்லும்போதும் அன்பாக வந்து போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டார்கள். கழுத்து வரை இழுத்தால் கால் இன்னும் வெளியே வருமா வராதா. இரண்டு நாள் இந்தக் கூத்து நடந்தது. என் மனைவி என் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள், என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், என்ன வேண்டும், என்ன வேண்டும் என்று கேட்கிறாள், அவள் கேட்பது எனக்கு வெறும் சத்தமாகத்தான் கேட்கிறது, அர்த்தமாகக் கேட்கவில்லை. கடைசியில் எங்கள் பிரிவில் இருந்த சேலத்துக்காரர் மனைவி கமலவேணிக்குப் போன் போட்டு என் வாயருகில் வைத்தாள். "அண்ணே, என்னண்ணே கேக்குறீங்க?" என்றது போன். காலை மூடச் சொல்லும்மா என்றேன். அவள் அதை இந்தியில் சொன்னதும் பூரபி என் காலைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவே மாட்டேன். இரண்டு காலையும் மடியில் எடுத்து வைத்துத் தேய்த்துக்கொண்டே அழுதாள். இத்தனை வருஷத்தில் உங்கள் மொழியில் காலுக்கு என்ன என்றுகூட நான் தெரிந்துகொள்ளவில்லையே என்று பின்னால் ஒரு நாள் சொன்னாள், தப்பு அவளுடையது மட்டும் போல. இந்தி மெல்லத் திரும்பி வந்துவிட்டது, அன்றைக்குப் பிடித்த பயம் என்னை இன்னும் விடவில்லை. கடைசி நாளில் காலை மூடச் சொன்னால் மூடுகிற ஊரில்தான் படுக்க வேண்டும். அதற்காகத்தான் இவளை இழுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், மலை அழகாக இருக்கிறது, சீதோஷ்ணம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்வதெல்லாம் பேச்சுக்கு.

அவள் ஊர்ப்பக்கமும் போய்ப் பார்க்காமல் இல்லை, நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். போன வருஷம் கல்கத்தாவுக்கு வெளியே, அவள் தம்பி இருக்கும் குடியிருப்பில் எட்டு நாள் இருந்தோம். ராஜ உபசாரம். மீன் தலையைத் தேடிப் பிடித்து என் தட்டில் வைத்தார்கள், டிவி ரிமோட்டை என் கையில் கொடுத்தார்கள், என் தலைக்கு மேலே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பூரபி அந்த எட்டு நாளும் வேறு ஒரு பெண்ணாக இருந்தாள். ஒரே சமயத்தில் மூன்று பேருக்குப் பதில் சொல்கிறாள், குறுக்கே விழுந்து பேசுகிறாள், யாரையோ நடித்துக் காட்டுகிறாள், பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். என் மனைவி இவ்வளவு வேடிக்கையானவள் என்று எனக்குத் தெரியாது. இந்தியில் அவள் வேடிக்கையானவள் இல்லை. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், பொறாமைதான் வந்தது, என்னிடம் கொடுக்காமல் ஒளித்து வைத்திருந்தது மாதிரி ஒரு கோபம். கிளம்பும்போது அவள் தம்பி, அதே கட்டடத்தில் ஒரு வீடு காலியாகப் போகிறது அண்ணா என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். நான் ரயிலில் வைத்து, இங்கே புழுக்கம் ரொம்ப அதிகம், என் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். ஆமாம், புழுக்கம் அதிகம்தான் என்று உடனே சொன்னாள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. புழுக்கமாவது, ஒன்றாவது. பிளாஸ்ட் ஃபர்னஸ் பக்கத்தில் வேலை பார்த்தவனுக்குப் புழுக்கமாம். சரி, அவளை எங்கே காணோம், கறிவேப்பிலைச் செடி மட்டும் நிற்கிறது. அதோ, அந்தக் கோடியில், மூன்றாவது ஃபேஸ் கட்டுகிற இடத்து மதிலுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். என்னிடம் சொல்லாமல் எதற்கு அங்கே போனாள். டைல்ஸ் அறுக்கிற சத்தம் நின்றிருக்கிறது. அது நின்றதும்தான் எனக்கும் கேட்கிறது, குரல்கள், பெண் குரல்கள், உருட்டி உருட்டிப் பேசுகிற அந்தப் பேச்சு. வங்காளம். கட்டட வேலைக்கு வந்தவர்கள். பூரபி இரண்டு கையையும் ஆட்டிப் பேசுகிறாள். தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் மதில் மேல் சாய்ந்து ஏதோ சொல்ல, இவள் சிரிக்கிறாள், இங்கே வரைக்கும் கேட்கிறது. கோயம்புத்தூர் வந்து அவள் சிரிப்பது இதுதான் முதல் தடவை, அதையும் தூரத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

வெள்ளிங்கிரி சாவியோடு வந்துவிட்டார். நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ரகசியம் பேசுகிறவர் மாதிரி, "சார், ஒண்ணு சொல்ல மறந்துட்டனுங்க. இங்க வீடு ரெண்டு பேர் பேர்லயும்தானுங்க. ஒருத்தருக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னாலும் இன்னொருத்தர் கடைசி வரைக்கும் தாராளமா இருந்துக்கலாம். சாப்பாடு, டாக்டர், எல்லாம் நாங்க பாத்துக்குவோம். அம்மணிகிட்ட பதமாச் சொல்லிப்போடுங்க" என்றார். நல்ல மனுஷர். அம்மணி கடைசி வரைக்கும். இவள் என்னைவிட ஏழு வயது சின்னவள், சர்க்கரை கிடையாது, ரத்த அழுத்தம் கிடையாது, இவள் அம்மா தொண்ணூறைத் தொட்டவர். என் நெஞ்சில் கம்பி போட்டுத் தைத்திருக்கிறது. கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை, யார் முதலில் என்று இந்த நாற்காலிக்கே தெரியும். நான் நாலு வருஷம் இருப்பேனா, ஐந்து வருஷம் இருப்பேனா, தமிழ் கேட்டுக்கொண்டே, கால் மூடிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவேன். அதற்குப் பிறகு பதினைந்து வருஷமோ இருபது வருஷமோ இவள் இங்கே யாரோடு பேசுவாள். இது என் வீடே இல்லை, இவள் வீடு. இவள் தனியாக இருக்கப்போகிற வீட்டை நான் என் சாவுக்குத் தோதாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறேன். மீன் சமைக்கலாமா என்று அவரிடம் கேட்டேன், கேட்க வேறொன்றும் தோன்றாமல். "பொதுச் சமையல்கட்டு சுத்த சைவமுங்க. உங்க வீட்டுக்குள்ள நீங்க என்ன செஞ்சாலும் நாங்க கேக்கறதில்லைங்க, வாசம் மட்டும் வெளிய வராம பாத்துக்கோணும்" என்றார். கடுகெண்ணெயில் மீன் வறுத்து வாசம் வெளியே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போனது. அவர் மதில் பக்கம் பார்த்தார், அங்கே சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டு முகம் சுளித்தார். "தூசியும் சத்தமும் கொஞ்சம் இருக்கத்தானுங்க செய்யும், அம்மணி சங்கடப்பட வேண்டாம்னு சொல்லுங்க. தை பொறந்தா வேலை முடிஞ்சிருமுங்க. இவங்களையெல்லாம் ஓசூர் சைட்டுக்கு அனுப்பிருவாங்க. அப்புறம் பாருங்க, ஒரு சத்தம் இருக்காது." அவர்களுக்குத் தெரியுமா என்றேன். "அவங்களுக்கு எங்கீங்க தெரியும், கான்ட்ராக்டர் வண்டி வந்து நின்னா ஏறிப் போறவங்க" என்றார். நான் ஏதோ பதில் சொன்னேன். "சார் பேசற தமிழ் கொஞ்சம் இந்தி மாதிரி இழுக்குதுங்க" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. இந்தத் தமிழை நம்பித்தான் இவ்வளவும்.

அவள் திரும்பி வருகிறாள். நடை மாறியிருக்கிறது. புடவைக் கரையெல்லாம் சிமெண்டு, செருப்பெல்லாம் சிமெண்டு, முகம் வேர்த்துப் பளபளவென்று இருக்கிறது. சுனியே என்று கூப்பிட்டுக்கொண்டே வருகிறாள், என்னை அப்படித்தான் கூப்பிடுவாள், கேளுங்கள் என்று அர்த்தம், நான் எவ்வளவு கேட்டிருக்கிறேன் என்பது வேறு விஷயம். அவர்கள் முர்ஷிதாபாத்காரர்கள் என்கிறாள். ரஹிமா என்று ஒருத்தி, அவள் பிறந்த ஊர் என் மாமா வீட்டுக்கு எதிரே ஆற்றின் அக்கரைதான், அந்தப் படகுத்துறையை அவளுக்குத் தெரியும் என்கிறாள். குடும்பத்தோடு அந்தத் தகரக் கொட்டகையில்தான் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை உக்கடத்துக்குப் போய் மீன் வாங்குகிறார்கள், எனக்கும் வாங்கி வருவதாக ரஹிமா சொன்னாள், அக்கா இங்கேயே வந்துவிடுங்கள் என்றாள் என்கிறாள். மூச்சு வாங்குகிறது அவளுக்கு. இந்தியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நாலு வார்த்தை வங்காளத்தில் வந்து விழுகிறது, அவள் கவனிக்கவில்லை. பிறகு நின்று, வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இதுவே இருக்கட்டும் என்றாள். எது என்றேன், தெரியாதது போல. இந்த இடம்தான், மற்ற இரண்டும் வேண்டாம், எனக்கு இது பிடித்திருக்கிறது என்றாள். எதையும் பிடித்திருக்கிறது என்று சொல்கிறவள் அல்ல அவள். வெள்ளிங்கிரிக்கு மொழி புரியாவிட்டாலும் முகம் புரிந்துவிட்டது, கையைக் கூப்பி, "அம்மணிக்குப் புடிச்சுப்போச்சுங்களா" என்றார். பூரபி என் கையைத் தொட்டு, நான் அங்கே இருந்தபோது இவர் உங்களிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாரே, என்ன சொன்னார் என்று கேட்டாள். காலையிலிருந்து எல்லாவற்றையும் நான்தான் மொழிபெயர்க்கிறேன். சோலார் என்றார், சோலார் என்றேன். கைப்பிடி என்றார், கைப்பிடி என்றேன். இதையும் சொல்லிவிடலாம், ஒரே வாக்கியம், தை மாதம் அவர்கள் போய்விடுவார்கள். இந்தியில் இன்னும் சின்ன வாக்கியம். நாக்கு நுனி வரை வந்தது. கண்ணுக்கு முன்னால் அந்தச் சிவப்புக் கயிறு ஆடியது, எங்க வலிக்குதுங்க என்று ஓடி வந்த பெண்களின் ஈரக்கை தெரிந்தது, என் கால் குளிர்ந்தது, சித்திரை வெயிலில் நிஜமாகவே குளிர்ந்தது. கட்டடம் உறுதியானது என்று சொல்கிறார் என்றேன். அதுதான் பார்த்தாலே தெரிகிறதே என்றாள்.

பேட்டரி வண்டியில் ஆபீசுக்குப் போகிறோம், பெயர் எழுதிவிடப் போகிறோம். வெள்ளிங்கிரி முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, கிடைத்தது பாறாங்கல் மாதிரி மடியில் கிடக்கிறது. ஐப்பசியில் குடிவந்தால் அவளுக்கு ரெண்டு மூன்று மாசம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வரும். பிறகு ஒரு நாள் கொட்டகை காலியாக இருக்கும், அவள் மதில் வரைக்கும் போய்விட்டு வருவாள், நான் அடடா, எனக்குத் தெரியாதே என்பேன், அதைச் சொல்லும் முகத்தை இப்போதே தயாராக வைத்திருக்கிறேன். அயோக்கியன். ஆனால் ஒன்று இடிக்கிறது. நாற்பது வருஷம் இரும்பாலை ஊரில் குடியிருந்தவள் இவள். ஜன்னலுக்கு எதிரே எத்தனை கட்டடம் எழும்பியதைப் பார்த்திருக்கிறாள், எத்தனை தகரக் கொட்டகை ஒரே ராத்திரியில் காணாமல் போனதைப் பார்த்திருக்கிறாள். கட்டட வேலைக்கு வந்தவர்கள் கட்டி முடித்ததும் போய்விடுவார்கள் என்பது இவளுக்குத் தெரியாமல் இருக்குமா. தெரியாது என்றால் நான் ஏமாற்றுகிறேன். தெரியும் என்றால், தெரிந்தே எனக்கு ஒரு சாக்கைத் தேடிக் கொடுத்திருக்கிறாள் என்றால், புழுக்கம் அதிகம்தான் என்று அன்றைக்கு ரயிலில் சொன்ன மாதிரி இன்றைக்கும் சொல்லியிருக்கிறாள் என்றால். அது இதைவிட மோசம். எது என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளப் பார்த்தேன். அவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால் சொல்வாள், கேட்பதற்கு எனக்குத் தைரியம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சிமெண்டு படிந்த காலை ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள், வெளுத்த சின்னக் கால்கள். உங்கள் மொழியில் காலுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள், இப்போதுதான் கேட்கத் தோன்றியதா என்றாள். பிறகு, பா, என்றாள். பா என்றேன். இன்னொரு தரம் சொன்னேன். சரியாகத்தான் சொல்கிறீர்கள் என்றாள். இவ்வளவு சின்னச் சொல், ஒரு மூச்சுக்குக்கூட வராது. இனி நான் மறக்க மாட்டேன், ஆனால் அவள் அதைச் சொல்லப்போகிற அன்றைக்கு நான் இருக்க மாட்டேன். கயிற்றை இழுப்பாள், அந்தப் பெண்கள்தான் ஓடி வருவார்கள், அவர்கள் நல்லவர்கள், எங்கம்மா வலிக்குது என்று தமிழில் கேட்டுவிட்டு, போர்வையைக் கழுத்து வரை நன்றாக இழுத்துவிடுவார்கள்.